பேர் சொல்லா மருந்தும் பேசாத பிள்ளையும்

இரண்டு வயது நிறைந்தும் 50 சொற்களை எட்டாத, அல்லது ‘பால் வேணும்’ என இரு சொற்களைச் சேர்த்துச் சொல்லாத, ஆனால் செவித்திறனிலும் பிற வளர்ச்சியிலும் குறையில்லாத குழந்தைகள் ‘தாமதமாகப் பேசும் குழந்தைகள்’ எனப்படுகின்றனர். அவ்வயதினரில் நூற்றுக்கு 10 முதல் 15 பேர் இவ்வகையினர் என மதிப்பிடப்படுகிறது. இவர்களுக்கு வசம்பை உரைத்து நாக்கில் தடவும் வழக்கம் உண்டு. பேச்சை வரவழைக்க வேண்டிய அந்த மருந்துக்கே ‘பேர் சொல்லா மருந்து’ என்ற பெயர் வாய்த்திருப்பது வேடிக்கைதான். ஆனால் சிக்கல் பெரும்பாலும் நாக்கில் இல்லை. சொல்லைப் பொருளோடு பொருத்துவதில் இருக்கிறது.

ஒரு பெயரைக் கேட்ட குழந்தை அதை நிறத்துக்கோ மூலப்பொருளுக்கோ அன்றி வடிவத்துக்கே உரியதாகக் கொள்ளும் போக்கை, அதாவது ‘வடிவச் சாய்வை’, பார்பரா லாண்டா, லிண்டா ஸ்மித், சூசன் ஜோன்ஸ் ஆகியோர் 1988இல் விளக்கினர். ராஜபாளையத்தில் இளஞ்சிவப்பு மூக்குடைய வெள்ளை வேட்டைநாயை ‘நாய்’ என்று கேட்டறிந்த குழந்தை, தெருவோரம் படுத்திருக்கும் செவலையையும் அப்படியே அழைப்பதற்கு இச்சாய்வு துணைநிற்கிறது. தாமதமாகப் பேசும் குழந்தைகளிடம் அது காணப்படவில்லை என 2003இல் ஜோன்ஸ் காட்டினார். அவர்களுக்கு ‘நாய்’ என்பது வெண்மையா, பாய்ச்சலா, வாசலில் கட்டிக்கிடப்பதா என்பது எளிதில் பிடிபடுவதில்லை.

அரிசோனா பல்கலைக்கழகத்தில் மேரி ஆல்ட் குழுவினர் வகுத்த பயிற்சி இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது: ஒரே சொல்லை வெவ்வேறு வாக்கியங்களில், வெவ்வேறு பொருள்களைக் காட்டி, மிகப் பல முறை சொல்வதும், திருப்பிச் சொல்லும்படி குழந்தையை வற்புறுத்தாதிருப்பதும் அதன் சாரம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத்தன்று அசைந்து வரும் பெருந்தேரையும், நிலையில் நிற்கும் தேரையும், கையடக்க மரத்தேரையும், படத்தில் உள்ள தேரையும் காட்டி ‘தேர் வருது’, ‘தேரைப் பாரு’, ‘தேருக்குப் பூ வை’ என்று சொன்னால், உருபுகள் மாறினாலும் மாறாத ‘தேர்’ குழந்தையின் காதில் தனித்து நிற்கும். ‘சொல்லு, சொல்லு’ என்ற நச்சரிப்பால் அது நடக்காது.

ராஜபாளையத்தில் தெலுங்கு பேசும் வீடுகளில் இரு மொழிகளே தாமதத்துக்குக் காரணம் என்று அஞ்சுவது வீண். ‘குக்க’, ‘நாய்’ இரண்டையும் சேர்த்தே குழந்தையின் சொற்களை எண்ண வேண்டும். ‘ஆண்பிள்ளை மெதுவாகத்தான் பேசும்’ என்று பாட்டிமார் தேற்றுவதில் ஓரளவு உண்மையும் உண்டு, ஏனெனில் பலர் பள்ளி வயதுக்குள் ஈடுகட்டிவிடுகின்றனர். எனினும் எவர் பின்தங்குவார் என்பதை இரண்டு வயதில் உறுதியாகச் சொல்ல முடியாததால், செவித்திறன் சோதனையைத் தள்ளிப்போடலாகாது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தின் கீழ் அங்கன்வாடிக் குழந்தைகளிடம் பரிசோதிக்கப்படும் குறைகளில் பேச்சுத் தாமதமும் ஒன்று.