மூளையின் முன்வாசலில் ஒரு குமிழ்

தேக்கா சந்தையில் ஒரு திராட்சைக் கொத்தை எடுத்துப் பாருங்கள். மெல்லிய காம்பில் உருண்டையாகத் தொங்கும் பழம்! மூளைத் தமனியின் சுவர் பலவீனமாகிப் புடைக்கும்போதும் பெரும்பாலும் இந்த வடிவமே உண்டாகிறது. இந்தப் புடைப்புக்கு ‘அனியூரிசம்’ என்று பெயர்.

மூளையின் அடியில் தமனிகள் ஒரு வளையமாக இணைகின்றன. 1664ல் அதை விளக்கிய ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸின் பெயரால் அது ‘வில்லிஸ் வளையம்’ எனப்படுகிறது. அதன் முன்பக்கத்தில் இடது, வலது முன்மூளைத் தமனிகளைச் சில மில்லிமீட்டர் நீளமுள்ள குட்டிப் பாலம் ஒன்று இணைக்கிறது. வெடிக்கும் மூளை அனியூரிசங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று இந்தப் பகுதியில்தான் உள்ளது.

ஏன் இங்கே? தமனி கிளை பிரியும் இடத்தில் வேகமாக வரும் ரத்தம் சுவரில் மோதுகிறது. உயர் ரத்த அழுத்தமும் புகைபிடித்தலும் அந்தச் சுவரை மேலும் நலிவடையச் செய்கின்றன.

மூன்று வகைகள்

பை வடிவம்: திராட்சைபோல் ஒரு பக்கம் மட்டும் புடைப்பது. இதுவே அதிகம்.

கதிர் வடிவம்: தமனியின் ஒரு பகுதி சுற்றிலும் வீங்கி, நடுவில் பருத்து இருபுறமும் குறுகுவது.

பிளவு வகை: சுவரின் உள்படலம் கிழிந்து, அடுக்குகளுக்கு இடையே ரத்தம் புகுவதால் உண்டாவது.

எப்படிப் படம் எடுக்கிறார்கள்?

திடீர்த் தலைவலியுடன் வருபவருக்கு முதலில் சிடி ஸ்கேன். புதிதாகக் கசிந்த ரத்தம் அதில் வெண்மையாகத் தெரியும். அடுத்து, கைச் சிரையில் அயோடின் கலந்த சாயத்தைச் செலுத்தி மீண்டும் சிடி எடுத்தால் தமனிகள் முப்பரிமாணத்தில் தெரியும். எம்ஆர்ஐ, காந்தப்புலத்தைப் பயன்படுத்துவதால் அதில் எக்ஸ்ரே கதிர்வீச்சு இல்லை.

மிக நுணுக்கமான படத்துக்கு உதவுவது ‘கழித்தல்’ கணக்கு! மணிக்கட்டு அல்லது தொடை வழியாக நுண்குழாயைச் செலுத்தி, சாயம் பாயுமுன் ஒன்றும் பாய்ந்தபின் ஒன்றுமாக எக்ஸ்ரே படம் எடுப்பார்கள். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கணினி கழித்ததும் எலும்புகள் மறைந்து தமனிகள் மட்டும் மிஞ்சும். தமனிகளுக்குச் சாயம் செலுத்தி மூளையைப் படமெடுக்கும் முறையை 1927ல் தொடங்கியவர் போர்ச்சுகல் மருத்துவர் எகாஸ் மோனிஸ்.

புடைப்பின் ‘கழுத்து’ எவ்வளவு அகலம் என்பதைப் படத்தில் அளந்தபின், உள்ளே பிளாட்டினச் சுருளை நிரப்புவதா, வெளியே கவ்வி போடுவதா என்று மருத்துவர்கள் முடிவெடுப்பார்கள். சிங்கப்பூரில் இத்தகைய நோய்களைக் கவனிக்கவென்றே 1999ல் தேசிய நரம்பியல் கழகம் தொடங்கப்பட்டது.

வெடிக்காத அனியூரிசம் பெரும்பாலும் அறிகுறியே காட்டாது. எல்லாத் தலைவலியும் அனியூரிசம் அல்ல. ஆனால் வீட்டில் யாருக்காவது இடி விழுந்ததுபோல் நொடியில் உச்சத்தைத் தொடும் தலைவலி, வாந்தி, கழுத்து இறுக்கம், மயக்கம் வந்தால், தைலம் தேய்த்துப் படுக்கவைக்காதீர்கள். உடனே 995ஐ அழையுங்கள்.