முதலிடம் பிடிச்சும் டிக்கெட் இல்லை!

அமெரிக்க கல்லூரி கூடைப்பந்தில் சீசன் கடைசி வாரம்தான் சின்ன அணிகளுக்கு கண்டம். 2018-ல் ஆண்கள் தேசிய போட்டிக்கு மொத்தம் 68 இடம். 32 இடம் மண்டல சாம்பியன்களுக்கு. மீதி 36 இடங்களை தேர்வுக்குழு வழங்கும். அதில் பெரிய மண்டல அணிகளுக்குத்தான் யோகம்.

வெர்மான்ட் அணி மண்டல லீக்கில் 16 ஆட்டத்தில் 15-ல் வெற்றி பெற்று முதலிடம் பிடித்தது. ஆனால் மண்டல இறுதி ஆட்டத்தில், சொந்த மைதானத்திலேயே கோட்டை விட்டது. மேரிலாண்ட் பல்கலைக்கழக பால்டிமோர் கவுண்டி அணி கடைசி நொடியில் 3 புள்ளி கூடை போட்டு 65-62 என ஜெயித்தது. அவ்வளவுதான், வெர்மான்ட்டின் தேசிய போட்டி கனவு காலி!

டிக்கெட் வாங்கிய பால்டிமோர் அணி சும்மா போகவில்லை. 6 நாள் கழித்து, முதல் ரேங்க் வர்ஜீனியாவை 74-54 என புரட்டி எடுத்தது. ஆண்கள் பிரிவில் 16-ம் ரேங்க் அணி முதல் ரேங்க் அணியை வீழ்த்தியது அதுவே முதல் முறை.