வாடகை வீடும் முகவரிச் சான்றும்: தூத்துக்குடியிலிருந்து ஒரு சட்டப் பார்வை

2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் வெள்ளத்தில் மூழ்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளில் 6,000 ரூபாய் நிவாரணம் நியாயவிலைக் கடைகள் வழியே குடும்ப அட்டைக்கு வழங்கப்பட்டது. அட்டையில் உள்ள முகவரியே நிவாரணத்தைத் தீர்மானித்தது; தண்ணீர் எந்த வீட்டிற்குள் புகுந்தது என்பது அன்று. துறைமுகச் சுமைப்பணிக்கும் உப்பள வேலைக்கும் வந்து வாடகைக்குக் குடியிருக்கும் தலித் குடும்பங்களின் நிலையை இங்கிருந்தே பார்க்க வேண்டியுள்ளது.

வீட்டு உரிமையாளர் முன்பணம் பெறுகிறார், மாதந்தோறும் வாடகையும் பெறுகிறார். ஒப்பந்தம் கேட்டால் மறுக்கிறார். வரி அச்சம் ஒரு காரணம். எழுத்து இருந்தால் நினைத்தபோது வெளியேற்ற முடியாது என்பது மற்றொன்று. குடியிருப்பவர் தலித் என்னும்போது இம்மறுப்பு இன்னும் எளிதாகிறது. வேறு தெருவில் வீடு கிடைக்காது என்பதை இருதரப்பும் அறியும்.

வாடகைதாரர், உரிமையாளர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. இருவரும் சேர்ந்து விவரம் அளிக்கத் தவறினால், ஒவ்வொருவரும் தனித்தனியே அளிக்க 4ஆம் பிரிவு வழிவிடுகிறது. உரிமையாளர் வாடகையை வாங்க மறுத்தால் அதனை அதிகாரியிடம் செலுத்தலாம்.

ஆனால் இச்சட்டத்தில் ஒரு கண்ணி உள்ளது. எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதையே வீட்டைக் காலி செய்யக் கோரும் காரணமாக 21(2)(அ) பிரிவு வைத்திருக்கிறது. கையெழுத்திட மறுத்தவரே பிறகு அந்த மறுப்பைக் காட்டி வழக்குத் தொடரக்கூடும். எனவே ஒப்பந்தம் கோரும் கடிதத்தை விரைவுத் தபாலில் அனுப்பி, அது சேர்ந்ததற்கான சான்றைப் பாதுகாப்பதும், வாடகையை வங்கி வழியே செலுத்துவதும் இன்றியமையாதவை. இச்சட்டம் நகர்ப்புறங்களுக்கே உரியது. மாநகராட்சிக்குள் வரும் முத்தையாபுரத்தில் இருப்பவர் இதனை நாடலாம். உப்பளங்கள் சூழ்ந்த தருவைக்குளம், வேப்பலோடை ஊராட்சிகளில் இருப்பவருக்கு இது கைகொடுக்காது.

முகவரிக்கு உரிமையாளரின் கையெழுத்து ஒன்றே வழி என்பதும் உண்மையன்று. ஆதாரில் முகவரி மாற்ற, சட்டமன்ற உறுப்பினர், மாநகராட்சி உறுப்பினர், வட்டாட்சியர் போன்றோர் உரிய படிவத்தில் தரும் சான்று ஏற்கப்படுகிறது. வாக்காளர் பட்டியலில் சேர்வதற்கான 6ஆம் படிவத்தில், முகவரி ஆவணம் ஏதும் இல்லாதவர் வீட்டிற்கு நேரில் சென்று விசாரிக்க வேண்டும் என்பதே விதி. 2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்திற்குப் பின் இவ்விதிக்குக் கூடுதல் எடை உண்டு. வீடு மாறிக்கொண்டே இருப்பவரை ‘இடம்பெயர்ந்தவர்’ என்று நீக்குவது எளிது.

சாதியைக் காரணம் காட்டி மறுத்தால்? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் பொருளாதாரப் புறக்கணிப்பைக் குற்றமாக்கியுள்ளது. பிறருடன் தொழில்முறை உறவு கொள்ள மறுப்பதும் அதன் வரையறையில் அடங்கும். வாடகை மறுப்புக்கு இதனைப் பொருத்தி வாதிட இடமுண்டு என்றே நாம் கருதுகிறோம். சிக்கல் மெய்ப்பிப்பதில்தான்: “உறவினர் வருகிறார்கள்” என்று சொல்லி மறுப்பவர் சாதியை வாயால் உச்சரிப்பதில்லை.