மருந்தை வெளியே இறைக்கும் மண் பக்டீரியா

சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழும் பேர்க்கோல்டேரியா சூடோமல்லை என்னும் பக்டீரியா, காலிலுள்ள சிறு காயத்தினூடாகவோ மூச்சினூடாகவோ உடலுக்குள் நுழைந்து, நுரையீரலிலும் ஈரலிலும் சீழ்க்கட்டிகளை உண்டாக்கும் மெலியோய்டோசிஸ் என்ற கொடிய நோயை விளைவிக்கிறது. 1912 இல் இரங்கூனில் பணியாற்றிய அல்பிரட் விற்மோரும் சி. எஸ். கிருஷ்ணசாமியும் முதன்முதலில் விவரித்த இந்நோய், 1927 இல் இலங்கையிலும் அறியப்பட்டது. எனினும் அண்மைக் காலத்தில் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீட நுண்ணுயிரியலாளர் முனைந்து தேடிய பின்னரே அதன் உண்மையான பரவல் தெரியவந்தது.

மருத்துவமனைகளில் பெரிதும் பயன்படும் ஜென்டாமைசின் இந்தப் பக்டீரியாவிடம் பயனற்றுப் போகிறது. புரதம் தயாரிக்கும் இறைபோசோமைப் பற்றி அதன் வேலையைக் கெடுப்பதே அம்மருந்தின் செயல். ஆனால் கலத்தின் உள்மென்சவ்வில் ஒன்று, வெளிமென்சவ்வில் ஒன்று, இரண்டையும் இணைக்க இன்னொன்று என மூன்று புரதங்களால் அமைந்த வெளியேற்றுப் பம்பி, ஓட்டை வள்ளத்தில் புகும் நீரை இடைவிடாது அள்ளி ஊற்றுவது போல, நுழையும் மருந்தை உடனுக்குடன் வெளியே தள்ளிவிடுவதால், இலக்கைத் தாக்கப் போதிய அளவு மருந்து உள்ளே சேர்வதே இல்லை. மென்சவ்வின் வெளிப்புறத்திலிருந்து உட்புறம் பாயும் ஐதரசன் அயன்களே இப்பம்பியை இயக்கும் சக்தியைத் தருகின்றன.

இது வெறும் ஊகமன்று. போர்னியோத் தீவின் சரவாக்கில் ஜென்டாமைசினுக்கு அடங்கும் இதே பக்டீரியா காணப்பட்டபோது, பம்பியின் மரபணுவில் நேர்ந்த ஒரேயொரு எழுத்து மாற்றமே அதற்குக் காரணமென 2014 இல் வெளியான ஆய்வு காட்டியது. ஜென்டாமைசினே மண்வாழ் நுண்ணுயிரொன்று சுரக்கும் பொருள் என்பதை எண்ணிப்பார்த்தால், மருத்துவர் கைக்கு அது வருவதற்கு மிக முன்னரே, மண்ணுக்குள் நடந்த நஞ்சுப் போரில் இத்தகைய பம்பிகள் உருவாகியிருக்க வேண்டும் என்றே கருதத் தோன்றுகிறது.

இலங்கையில் மண்கும்பானை உள்ளடக்கிய வேலணைத் தீவிலும் வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் வெறுங்காலுடன் ஈரமண்ணில் இறங்குவோர் உண்டு. அவர்களுள் நீரிழிவு உள்ளோருக்கு மெலியோய்டோசிஸ் தொற்றும் ஆபத்து பன்மடங்கு அதிகம் என்பதால், விடாத காய்ச்சலோடு வருபவர் தமது நீரிழிவையும் மண்வேலையையும் மருத்துவரிடம் மறவாமல் கூறுவது மிக முக்கியம். அவ்வாறு கூறினால் ஆய்வுகூடத்தார் ஜென்டாமைசின் கலந்த அஷ்டவுன் என்னும் வளர்ப்பூடகத்தில் மாதிரியை இடுவர். பிற பக்டீரியாக்கள் பல அதில் மடிய, பம்பி உடைய இது தழைத்துத் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

நோய் உறுதியானால், செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் என்னும் மருந்து குறைந்தது பத்து நாட்களேனும் நாளத்தினூடாகச் செலுத்தப்பட்டு, பின்னர் கோ-டிரைமொக்சசோல் மாத்திரை மூன்று மாதங்களேனும் தொடர வேண்டும். காய்ச்சல் தணிந்ததும் மாத்திரையைக் கைவிடுவோரிடம் நோய் மீளக்கூடும். மரபணு மாற்றத்தால் வேறொரு பம்பி முடுக்கிவிடப்பட்ட பக்டீரியாக்கள், கோ-டிரைமொக்சசோலையும் வெளியேற்றிவிடுகின்றன.