மிளகாய் இலையில் புள்ளியா? மருந்து வாங்கும் முன் உற்றுப் பாருங்கள்

ரப்பர் மரம் ஆண்டுதோறும் வறட்சி மாதங்களில் இலையுதிர்ப்பது கெடா தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்குப் புதிதல்ல. ஆனால், வீட்டுக்குப் பின்னால் பெயிண்ட் டின்னில் வளரும் மிளகாய்ச் செடியின் இலையில் புள்ளி விழுந்து, மஞ்சளாகி உதிர்ந்தால் அது நோய். சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் செப்டம்பர், அக்டோபர் மழை தொடங்கியதும் இந்நோய் பரவ ஏற்ற சூழல் உருவாகிறது.

இலைப்புள்ளி என்பது ஒரே நோயல்ல. முக்கியமானவை இரண்டு. ஒன்றைப் பூஞ்சை உண்டாக்குகிறது. மற்றொன்றைப் பாக்டீரியா உண்டாக்குகிறது. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்குப் பயன்படாமல் போகலாம்.

எப்படி அடையாளம் காண்பது?

செர்கோஸ்போரா என்ற பூஞ்சையின் புள்ளி வட்டமாக இருக்கும். நடுவில் வெளிர் சாம்பல் நிறம், சுற்றிலும் கரும்பழுப்பு வளையம். பார்க்கத் தவளையின் கண்ணைப் போலிருக்கும். நாளடைவில் நடுப்பகுதி காய்ந்து விழுந்து இலையில் ஓட்டை தெரியும். இலையிலும் காம்பிலும் வரும் இந்நோய் காயைப் பெரும்பாலும் தாக்குவதில்லை.

சாந்தோமோனாஸ் பாக்டீரியாவின் புள்ளி தொடக்கத்தில் நீர் ஊறியது போல் சிறிதாகத் தோன்றும். பிறகு ஒழுங்கற்ற வடிவில் பழுப்பாகவோ கருப்பாகவோ மாறும். காயையும் பாருங்கள்: மேடான, சொரசொரப்பான தழும்புகள் இருந்தால் பாக்டீரியாவைச் சந்தேகிக்கலாம்.

என்ன செய்யலாம்?

இரண்டுக்கும் உதவி செய்வது இலையில் தங்கும் ஈரம்தான். எனவே முதல் மருந்து தண்ணீர் ஊற்றும் முறையில் இருக்கிறது. காலையில் அடிவேரில் ஊற்றுங்கள், இலைமேல் தெளிக்காதீர்கள். செடிகளுக்கிடையே காற்றோட்டம் இருக்கட்டும். மண்ணில் காய்ந்த புல்லைப் பரப்பினால் மழைத்துளி மண்ணை இலைமேல் தெறிக்க வைக்காது. புள்ளி விழுந்த இலைகளையும் கீழே உதிர்ந்தவற்றையும் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். செடி ஈரமாக இருக்கும்போது தொடாதீர்கள். கைவழியே பாக்டீரியா அடுத்த செடிக்குப் போகும். இலை மஞ்சளாவதைச் சத்துக்குறைவு என்று நினைத்து உரத்தைக் கூட்டுவதும் பலன் தராது.

பூஞ்சை என்றால், புள்ளிகள் குறைவாக இருக்கும்போதே மேன்கோசெப் அல்லது செம்பு கலந்த மருந்து தெளிக்கலாம். இவை புதிய இலையைக் காக்கும். விழுந்த புள்ளியை மறைக்காது. பாக்டீரியா என்றால் செம்பு மருந்து பரவலைத் தணிக்கும், அவ்வளவே. செம்பைத் தாங்கும் பாக்டீரியா வகைகள் உலகின் பல நாடுகளில் பெருகிவிட்டன. கடுமையாகப் பாதித்த செடியைப் பிடுங்கிவிடுவதே மேல். அதன் காயிலிருந்து விதை எடுக்காதீர்கள். பாக்டீரியா விதையோடு அடுத்த பருவத்துக்கும் வரும். அதே மண்ணில் உடனே தக்காளியும் நடாதீர்கள். அதையும் இது தாக்கும்.

மிளகாய் நாம் உண்ணும் காய் என்பதை மறக்க வேண்டாம். மேன்கோசெப் பயன்பாட்டுக்கான அனுமதியை ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் விலக்கிக்கொண்டது. எந்த மருந்தானாலும் கையுறையும் முகக்கவசமும் அணிந்து, லேபிளில் உள்ள அளவிலேயே கலக்குங்கள். தெளித்தபின் எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்பதும் அதிலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

எந்த நோய் என்று தீர்மானிக்க முடியாவிட்டால், புள்ளி விழுந்த இலை ஒன்றையும் காய் ஒன்றையும் பையில் போட்டு மாவட்ட விவசாய இலாகா அலுவலகத்தில் காட்டுங்கள். மருந்துக் கடைக்குப் போவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.