தாமே விமானஞ் செய்வோர்

சீவகசிந்தாமணியில் வரும் மயிற்பொறியை நம்மிற் பலர் பள்ளி நாளிலேயே படித்தறிந்துள்ளோம். பொறியை வலப்புறந் திருப்பின் அது வானிலெழும். இடப்புறந் திருப்பின் நிலத்திலிறங்கும். புலவர் கற்பனையிற் கண்ட அவ்வெளிமையை மரத்தாலுந் துணியாலும் உண்மையாக்க முயன்றவர் பிரான்சு தேசத்து ஹென்றி மின்யே (1893–1965) என்பார்.

கைப்பிடியையுங் கால்மிதியையும் ஒருங்கே இயக்கிச் செலுத்தும் வழக்கமான விமானம் அவருக்குக் கைவரவில்லை. ஆதலின், கால்மிதியே வேண்டாத சிறு விமானமொன்றை அவர் வகுத்தார். கைப்பிடியை முன்பின்னாக அசைத்தால் முன்சிறகு சாயும். பக்கவாட்டில் அசைத்தால் வாற்சுக்கான் திரும்பும். சிறகின் நீளம் ஏறக்குறைய 6 மீற்றர்; இயந்திரமோ மோட்டார் சைக்கிளுக்குரியது போன்ற சிறியது. ‘வான் தெள்ளு’ எனப் பெயர்பெற்ற இவ்விமானம் 1933இற் பறந்தது. 1934இல் அதனைச் செய்யும் முறையை மின்யே நூலாக வெளியிட்டார். 1935இல் அந்நூல் ஆங்கிலத்திலும் வந்தது. பிரான்சிலும் இங்கிலாந்திலும் தச்சுவேலை சிறிது பயின்றோர் பலர் தத்தம் கொட்டில்களில் வாளுஞ் சுத்தியலும் எடுத்தனர். பாகங்களின் தொகுதியை விலைக்கு வாங்கிப் பொருத்தியோருமுளர்.

ஆயின், 1935, 1936ஆம் ஆண்டுகளில் இவ்விமானங்கள் சில தலைகீழாய்ப் பாய்ந்து வீழ, செலுத்தியோர் மாண்டனர். பிழை தச்சிலோ, செலுத்தியவர் கையிலோ, அன்றி அமைப்பிலோ? இங்கிலாந்திற் பார்ன்பரோவிலும் பிரான்சிற் சாலே-மெதோனிலும் முழு விமானத்தையே காற்றுச்சுரங்கத்தில் வைத்துச் சோதித்தனர். பிழை அமைப்பிலேயே இருந்தது. முன்சிறகும் பின்சிறகும் மிக நெருங்கியிருந்தன. மூக்கு மிகத் தாழ்ந்தபோது, அதனை உயர்த்துவான் கைப்பிடியைப் பின்னிழுத்தால், முன்சிறகின் பின்னோரம் தாழ்ந்து இடைவெளி மேலும் ஒடுங்கும். அவ்வொடுக்கத்தினூடே விரைந்த காற்றுப் பின்சிறகின் ஏற்றத்தை மிகுவிக்கும். வால் உயர, மூக்கு மேலும் தாழும். காக்கவேண்டிய செயலே கொல்லுஞ் செயலாயிற்று! பிரித்தானிய அரசு 1936இல் அவற்றுக்குப் பறத்தலநுமதி மறுத்தது. மின்யேயோ தம் அமைப்பைத் திருத்தி, பின்னரும் பல விமானங்களை வகுத்தார்.

இதிலிருந்து நாம் அறியத்தக்கது யாது? ஆணி ஒவ்வொன்றையுஞ் செவ்வனே அறைந்தவன் தச்சிற் குறையற்றவனாயினும், சோதனை மட்டுமே காட்டவல்ல குற்றத்தைக் கண்ணாற் காணமாட்டான். ஆதலினாலேயே இன்று அமெரிக்காவில், விமானத்தின் பெரும்பகுதியைத் தாமே செய்வோர்க்குச் சட்டம் இடங்கொடுத்தாலும், அரசின் சார்பில் ஒருவர் அதனைப் பார்வையிட்ட பின்னரே அது பறக்கலாம். முதற்கண் பொதுவாக 25 அல்லது 40 மணி நேரம் பயணிகளை ஏற்றாது, சனநெருக்கமில்லாத இடத்திற் பறந்து பரீட்சித்தல் வேண்டும்.

மாணவர்காள்! கைத்திறன் பெரிது, துணிவும் பெரிது. தாம் செய்ததைத் தாமே ஐயுற்றுச் சோதிக்கும் மனமோ அவ்விரண்டினும் பெரிது.