மைச் சிமிழுக்குள் என்ன?

குழந்தை பிறந்த வீடுகளில் சில நாட்களுக்குள் ஒரு சிறு வழக்கு எழுவதை நாம் பார்த்திருக்கிறோம். குழந்தையை நீராட்டிச் சாம்பிராணிப் புகை காட்டி மடியில் கிடத்தியதும், பாட்டி மைச் சிமிழைத் தேடுகிறாள். "கண்ணில் ஒன்றும் இடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அம்மா" என்கிறாள் மகள். "உனக்கும் உன் அண்ணனுக்கும் நான்தானே இட்டேன்? உங்கள் கண்களுக்கு என்ன வந்துவிட்டது?" என்று பாட்டி கேட்கிறாள். மகளிடம் பதில் இல்லை. ஆனால் மனத்தில் சமாதானமும் இல்லை.

இருவரும் நாடுவது குழந்தையின் நலத்தைத்தான். யார் கட்சி நியாயமானது? தீர்ப்புச் சொல்லுமுன் சிமிழைத் திறந்து அதற்குள் இருப்பது இன்னதென்று பார்ப்பது அவசியம். ஏனெனில் 'மை' என்பது ஒரு பொருளின் பெயரன்று. கரிய நிறம் ஒன்றைத் தவிர வேறு எவ்விதச் சம்பந்தமும் இல்லாத பல பொருள்களுக்கு அது பொதுப் பெயர்.

விளக்கில் விளைந்த மை

நம் பாட்டிமார் வீட்டில் கூட்டிய மை எப்படி உண்டாயிற்று? வெள்ளைத் துணியைக் கரிசலாங்கண்ணிச் சாற்றில் தோய்த்து நிழலில் உலர்த்துவார்கள். அதைத் திரியாகத் திரித்து, ஆமணக்கெண்ணெயோ நெய்யோ வார்த்த அகலில் ஏற்றி, மேலே பித்தளைத் தட்டைக் கவிழ்த்து வைப்பார்கள். விடியற்காலையில் தட்டின் அடியில் பட்டுப் போன்ற கரி படிந்திருக்கும். அதைச் சுரண்டி எடுத்து, சில துளி ஆமணக்கெண்ணெய் விட்டுக் குழைத்தால் மை தயார்.

இதில் நிகழும் ரஸாயனம் எளியது. கவிழ்த்த தட்டினடியில் சுடருக்கு வேண்டிய காற்றுப் போதுவதில்லை. எண்ணெய் அரைகுறையாக எரிகிறது. எரியாமல் மிஞ்சிய கார்பன் கண்ணுக்குப் புலனாகாத நுண் துகள்களாகத் தட்டில் ஒட்டுகிறது. ஆகவே வீட்டு மை என்பது பெரும்பாலும் கார்பனும் எண்ணெயுமே. எந்தப் புகைக்கரியிலும் உள்ளது போலத் தீமை தரும் சில பொருள்கள் இதிலும் சிறிதளவு இருக்கக்கூடும். இடும் விரலின் வழியே கிருமிகளும் சேரலாம். ஆனால் இது உலோகம் அடங்கிய கல்லிலிருந்து செய்வதன்று.

கல்லில் விளைந்த மை

வடநாட்டுச் சுர்மாவும் அராபியரின் கொஹ்லும் வேறு ஜாதி. இவை விளக்கில் விளைவன அல்ல. பூமியிலிருந்து வெட்டியெடுத்த கல்லை மாவாக அரைத்துச் செய்வன. நம் வைத்திய நூல்களில் அஞ்சனக்கல் என்று பேசப்படுவதும் இந்த இனத்தைச் சேர்ந்ததே.

அந்தக் கல் எது என்பதில்தான் சங்கடம். ஆண்டிமனி என்ற உலோகமும் கந்தகமும் கூடிய ஸ்டிப்னைட் ஒன்று; ஈயமும் கந்தகமும் கூடிய கலீனா மற்றொன்று. இரண்டும் சாம்பல் கலந்த கருமையும் உலோகப் பளபளப்பும் உடையவை. முழுக் கல்லாக இருக்கும்போது வேற்றுமை தெரியும். ஸ்டிப்னைட் ஊசி ஊசியாக வளர்வது. நீரைப் போல் சுமார் நாலரை மடங்கு கனமுள்ளது. கலீனா சதுரச் சதுரமாக உடைவது. ஏழரை மடங்கு கனமுள்ளது. அரைத்துப் பொடியாக்கிய பின்னரோ கைதேர்ந்த வியாபாரியின் கண்ணும் ஏமாந்துவிடும். பெயர் ஆண்டிமனி என்று இருக்க, ஆராய்ச்சிசாலையில் சோதித்த கடைச் சுர்மாக்கள் பலவற்றில் இருந்தது ஈயமே. சுத்தமான கலீனாவில் நூறு பங்குக்கு 86 பங்குக்கு மேல் ஈயம் என்பதை மறக்கலாகாது.

எகிப்து தேசத்துச் சாடிகள்

இந்தக் கல் மைக்கு நெடிய சரித்திரம் உண்டு. எகிப்தில் அரசர் முதல் ஏவலர் வரை, ஆண் பெண் பேதமின்றி எல்லோரும் கண்ணுக்கு மை தீட்டினார்கள். செங்கடற்கரையிலுள்ள ஜெபல் எல்-ஸைத் என்ற இடத்தில் கலீனாவுக்கென்றே சுரங்கங்கள் வெட்டினார்கள். மாண்டவரோடு மைச் சாடிகளையும் சமாதியில் வைத்தார்கள். அவற்றில் பல இன்று பாரிஸ் நகரத்து லூவ்ர் பொருட்காட்சிசாலையில் இருக்கின்றன.

அச்சாடிகளில் எஞ்சியிருந்த பொடியைப் பிரெஞ்சு விஞ்ஞானிகள் ஆராய்ந்து 1999-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். கலீனா இருந்தது, அது எதிர்பார்த்ததே. வியப்பளித்தவை லாரியோனைட், பாஸ்ஜெனைட் என்ற இரண்டு வெண்மையான பொருள்கள். ஈயமும் குளோரினும் சேர்ந்த இவை இயற்கையில் மிக அரிதாகவே அகப்படும். ஆகவே ஈயத் துருவையும் உப்பையும் நீரில் கலக்கி, நாள்தோறும் நீரை மாற்றி மாற்றிப் பல வாரம் பக்குவம் செய்து எகிப்தியர்களே இவற்றை ஆக்கியிருக்க வேண்டும் என்று அறிஞர்கள் கருதினார்கள். சுமார் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் நடந்த ரஸாயனத் தொழில் இது!

இத்தனை பிரயாசை எதற்காக? 2010-ல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி ஒரு விடையைச் சுட்டியது. இந்த ஈய உப்பு அணுவளவு பட்டாலே தோலின் உயிரணுக்கள் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற பொருளை அதிகமாகச் சுரக்கின்றன. அது கிருமிகளை எதிர்க்கும் சக்தியைத் தூண்டக்கூடியது. கண்ணோய் மலிந்த நைல் நதி தீரத்தில் அந்த மை மருந்தாகவும் பயன்பட்டிருக்கலாம். ஆனால் இது ஆராய்ச்சிசாலையில் வளர்த்த உயிரணுக்களில், மிக மிகச் சிறிய அளவில் கண்ட பலன். இதைச் சாட்சியாக வைத்துக் குழந்தைக்குத் தினமும் ஈயம் தீட்டுவது, விஷமும் அளவோடு மருந்தாகும் என்று கேட்டவர் அளவை மறந்துவிட்டு விஷத்தை உண்பது போலாகும்.

கண்ணிலிருந்து இரத்தத்துக்கு

கண்ணில் இட்ட மை கண்ணோடு நின்றுவிடுவதில்லை. கண்ணீர் வடியும் நுண் குழாய் மூக்குக்கும் தொண்டைக்கும் வழிகாட்டுகிறது. குழந்தையோ கண்ணைக் கசக்கிய கையை அடுத்த நிமிஷமே வாயில் வைத்துக்கொள்கிறது. இவ்வாறு வயிற்றை அடையும் ஈயத்தில், பெரியவர்களின் உடம்பு ஏற்பதைப் போல் நான்கைந்து மடங்கைச் சிறு குழந்தைகளின் உடம்பு ஏற்றுவிடுகிறது. சுண்ணாம்புச் சத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு எலும்பில் பல்லாண்டு தங்குகிறது. இரத்தம் ஊறுவதைத் தடுக்கிறது. வளரும் மூளையைத் தாக்கி, கற்கும் ஆற்றலையும் கவனத்தையும் குறைக்கிறது. ஈயத்தில் இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் முடிவு. நம் நாட்டுச் சட்டமும் அழகுப் பொருள்களுக்கு ஈயச் சேர்க்கைகளால் நிறமூட்டுவதைத் தடுத்திருக்கிறது. ஆனால் சீட்டில்லாமல் பொட்டலமாக விற்கும் கல் பொடியிடம் சட்டம் சுலபமாகச் செல்வதில்லை.

தீர்ப்பு

இப்போது பாட்டியின் கேள்விக்கு வருவோம். "உங்கள் கண்களுக்கு என்ன வந்துவிட்டது?" ஒன்றும் வரவில்லை, காரணம், அவள் இட்டது விளக்குக் கரி. கல் மையாக இருந்திருந்தாலும் கண் பளிச்சென்றுதான் இருந்திருக்கும். கேட்டைக் காட்டியிருக்கக்கூடியது கண்ணன்று, இரத்தம். ஆகவே கண்ணைப் பார்த்து மைக்கு நற்சாட்சிப் பத்திரம் அளிப்பது செல்லாது.

எனவே நாம் சொல்வது இது. கைக்குழந்தையின் கண்ணுக்குள் எந்த மையும் வேண்டாம். டாக்டர் சொன்னது சரி. திருஷ்டிப் பொட்டு வேண்டுமென்றால், வீட்டில் கூட்டிய விளக்கு மையைக் குழந்தையின் கை எட்டாதபடி காதின் பின்புறம் வைக்கலாம்; பாட்டியின் மனமும் குளிரும். பெரியவர்கள் வாங்கும் மையில் சேர்ந்த பொருள்களின் விவரம் அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிரயாணம் போய் வந்தவர்கள் அன்போடு கொடுக்கும் சுர்மாப் பொடியைக் குழந்தையிடம் கொண்டு போகலாகாது. முன்பே இட்டு வந்திருந்தால், பயந்து ஒளிக்காமல் அந்தச் சிமிழையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் செல்ல வேண்டும். இரத்தத்திலுள்ள ஈயத்தின் அளவைச் சோதனையால் அறியலாம்.

பழைய வழக்கம் என்பதற்காக ஒன்றைத் தள்ளவும் வேண்டாம். பழைய வழக்கம் என்பதற்காகவே கொள்ளவும் வேண்டாம். பாட்டி தன் கையால் விளக்கேற்றி, தட்டுக் கவிழ்த்து, மை கூட்டினாள். தான் இடுவது இன்னதென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தெளிவு கடைச் சிமிழைத் திறக்கும் நமக்கும் வேண்டும்.